மண் சுமக்கும் கடன்

புகைபோக்கியிலிருந்து எழும் புகை வானில் கரைந்தவுடன் அதனை நாம் மறந்துவிடுகிறோம். நிலக்கரி எரியும்போது வெளிப்படும் கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மேகநீருடன் கலந்து அமிலங்களாகிப் பல நூறு கிலோமீட்டர் கடந்தும் மழையாகப் பொழிகின்றன.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பார்டு புரூக் என்னும் ஆய்வுக் காடு உள்ளது. 1963ஆம் ஆண்டு ஜீன் லைக்கன்ஸும் அவருடைய சகாக்களும் அங்கே சேகரித்த மழைநீரின் பி.எச். அளவு சுமார் 3.7. இவ்வெண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும். மாசற்ற மழைக்கு அது ஏறத்தாழ 5.6 ஆகும்.

இம்மழையின் பெருந்தீங்கு மண்ணில் நிகழ்கிறது. மண்ணிலுள்ள கால்சியத்தை அது கரைத்து ஓடைக்குக் கொண்டுசெல்கிறது. கட்டுண்டு கிடந்த அலுமினியத்தை விடுவித்து வேர்களுக்கு நஞ்சாக்குகிறது. கால்சியம் குன்றிய சிவப்பு ஸ்புரூஸ் மரங்கள் கடுங்குளிரைத் தாங்கும் வலிமையை இழக்கின்றன; சர்க்கரை மேப்பிள் மரங்கள் நலிகின்றன.

1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபின் அந்நாட்டில் கந்தகப் புகை பெரிதும் குறைந்தது. மழை தெளிந்தது, மண்ணோ அத்துணை விரைவில் தேறவில்லை. பாறை சிதைந்து இழந்த கால்சியத்தை ஈடுசெய்வதற்கு நெடுங்காலம் வேண்டும். ஆகவே 1999இல் ஆய்வாளர்கள் அக்காட்டின் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் கால்சியம் சிலிகேட்டை ஹெலிகாப்டர் மூலம் தூவினர். அங்கே மேப்பிள் மரங்கள் செழித்தன. ஸ்புரூஸ் மரங்களின் குளிர்ச்சேதமும் குறைந்தது. எனினும் மலைத்தொடர் முழுவதற்கும் இவ்வாறு செய்தல் எளிதன்று.

அன்று விற்ற மின்சாரத்தின் விலையில் மண் இழந்த கால்சியம் கணக்கிடப்படவில்லை. புகையிலுள்ள கந்தகத்தைப் பிரிக்கும் கருவிகளுக்குச் செலவு மிகுதி என்போர் உளர். அச்செலவைத் தவிர்த்தால் அதனை யார், எத்தனை தலைமுறைகள் செலுத்த நேரும் என்பதையும் நாம் சேர்த்தே கணக்கிட வேண்டும்.