காட்டுத் தீ: வீடுகளைக் காக்கும் திட்டம் எங்கே?

புதுதில்லி: கோடை பிறந்தால் உத்தரகண்ட் மலைகளில் பைன் காடுகள் எரிவதும், அது குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழுவதும் வாடிக்கையாகிவிட்டன. 2016-லும் 2024-லும் தீயை அணைக்க விமானப் படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. உதிர்ந்த பைன் ஊசியிலைகளை அகற்றுமாறு 2016 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு வலியுறுத்தியது. ஆயினும் பேச்சு பெரும்பாலும் காட்டோடு நின்றுவிடுகிறது; காட்டோரத்து வீடுகளை எட்டுவதில்லை.

காட்டுத் தீயில் பெரும்பாலான வீடுகளை எரிப்பது, காற்றில் பறந்துவரும் தீப்பொறிகளே. கூரையில் தேங்கிய சருகிலும், சுவரோரம் அடுக்கிய விறகிலும், வைக்கோலிலும் விழுந்து அவை மூள்கின்றன. கூரையும் சுவரும் சேரும் இடுக்கு வழியே உள்ளேயும் புகுகின்றன.

எரியாத கூரை, அடைக்கப்பட்ட இடுக்குகள், காற்றுத் துளைகளில் நெருக்கமான உலோக வலை, வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு எரிபொருள் ஏதுமற்ற வெற்றிடம் ஆகியவை ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். குமாவோன், கார்வால் பகுதிகளின் பழைய கற்சுவர் வீடுகளில் பலகைக்கல் கூரை இருப்பது கவனிக்கத்தக்கது.

கலிபோர்னியாவில் 2008 முதல் இத்தகைய கட்டுமான விதி உள்ளது. 173 பேரைப் பலிகொண்ட 2009 தீக்குப் பின் ஆஸ்திரேலியாவும் விதிகளைக் கடுமையாக்கியது.

இங்கு அதற்கான வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், சமவெளி வீட்டுக்கு ரூ.1.20 லட்சமும், மலைப்பகுதி வீட்டுக்கு ரூ.1.30 லட்சமும் நிர்ணயித்தது. காட்டோரக் கிராமங்களில் கட்டப்படும் வீடுகளுக்குத் தீத்தடுப்பு அமைப்பை நிபந்தனையாக்கலாம். கூடுதல் செலவை ஏழைப் பயனாளியின் தலையில் சுமத்தாமல் மத்திய அரசே ஏற்க வேண்டும். ஊரக வளர்ச்சித் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே.