உங்களுக்குத் தெரியுமா? ஒரு சிலிண்டர் 50 நிமிடம்தான்!

ஆழ்கடலில் ஸ்கூபா டைவிங் செய்பவரின் உடலில் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழிகளாகி மூட்டுவலி, மரத்துப்போதல், கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடும். அப்போது படகிலேயே தர வேண்டிய முதலுதவி, கலப்பில்லாத ஆக்சிஜன். மூச்சில் நைட்ரஜன் இல்லாதபோது, உடலில் தங்கியது விரைந்து வெளியேறும்.

எவ்வளவு வேண்டும்? பை வைத்த முகமூடிக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிட வேண்டும். மூச்சிழுக்கும்போது பை முழுக்கச் சுருங்கிவிட்டால் அதுவும் போதவில்லை என்று பொருள். 5 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் அடைபடுவது சுமார் 750 லிட்டர். 50 நிமிடத்தில் காலி!

அந்தமானின் ஹேவ்லாக் தீவிலிருந்து சிகிச்சைக்காகப் போர்ட் பிளேருக்குப் போக, அதிவேகப் பயணிகள் கப்பலிலேயே சுமார் ஒன்றரை மணி நேரம். ஒருவருக்கே 1,350 லிட்டர் தேவை. கூடவே டைவிங் செய்தவருக்கும் அறிகுறி தெரிந்தால் 2,700 லிட்டர். அதாவது நான்கு சிலிண்டர். துறைமுகத்தில் காத்திருக்கும் நேரம் தனி. ஒற்றைச் சிலிண்டரோடு படகை எடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

நீண்ட நேரம் வரட்டும் என்று ஆக்சிஜன் அளவைக் குறைத்து வைப்பது தவறு. நினைவோடு இருப்பவருக்கு, மூச்சிழுக்கும்போது மட்டும் திறக்கும் டிமாண்ட் வால்வு சிக்கனமானது.

சிலிண்டர் சாவி அதிலேயே கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சன்ஸ்கிரீன் பூசிய கையால் வால்வைத் தொடாதீர்கள். எண்ணெய்ப்பசை பட்டால் உயரழுத்த ஆக்சிஜனில் தீப்பற்றக்கூடும்.