எதியோப்பியாவில் தொண்டர் ஆசிரியர்கள்

தாமாக முன்வந்து பிறநாட்டிற் கற்பிக்கச் செல்லும் ஆசிரியரைப் பற்றிப் பேசுவோர், அவர் கொடுத்த கல்வியையே பெரும்பாலும் பேசுவர். அவர் அங்கே எவ்வாறு உண்டார், அயலவரோடு எவ்வாறு பழகினார் என்பன பேசப்படுவதில்லை. ஆயினும் அவருடைய சொல் வகுப்பறையில் எடுபடுமா என்பதைத் தீர்மானிப்பவை பெரிதும் அவையே.

1961ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி கெனடி சமாதானப் படை என்னும் தொண்டர் அமைப்பை நிறுவினார். மறு ஆண்டு செப்டெம்பரில் ஏறத்தாழ 280 ஆசிரியர்கள் அதன் சார்பில் எதியோப்பியாவை அடைந்தனர். அந்நாட்டின் இடைநிலைப் பாடசாலை ஆசிரியர் தொகை இதனால் ஏறக்குறைய இருமடங்காயிற்று. வந்தவருட் பலர் பல்கலைக்கழகத்தை விட்டு அப்பொழுதுதான் வெளியேறிய இளைஞர். அவர்கள் பெற்றது சம்பளமன்று, வாழ்க்கைச் செலவுப் படியே.

கொண்டார், ஜிம்மா, ஹரார் முதலிய ஊர்களுக்குச் சென்றவர்கள் முதலில் மணி பார்க்கவே புதிதாகப் பழக வேண்டியதாயிற்று. எதியோப்பியர் நாளைச் சூரியோதயத்திலிருந்து எண்ணுவர். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. மூன்று மணிக்கு விருந்துக்கு வருமாறு அழைப்பவர் காலை ஒன்பது மணியையே கருதுகிறார். உதயத்திலிருந்து நாழிகை கணித்த நம் முன்னோருக்கு இது வியப்பளித்திராது. அமெரிக்க இளைஞருக்கோ கைக்கடிகாரமே பொய் சொல்வதாய்த் தோன்றியிருக்கும். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். ஆண்டுக் கணக்கும் ஏழெட்டு வருடம் பின்தங்கியது.

உணவு இஞ்செரா. தெஃப் என்னும் சிறு தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடுவது. நம் தோசைக்கு உறவானது என்னலாம். பலர் ஒரே தட்டைச் சூழ்ந்திருந்து வலக்கையாற் பிட்டு உண்பர். அன்பின் அடையாளமாக வீட்டார் ஒரு கவளத்தை விருந்தினரின் வாயிலே தாமே ஊட்டுவர். மறுப்பது மரியாதையன்று. அதன்பின் கோப்பி மூன்று முறை வரும். முதற் கோப்பையோடு எழுந்து போகும் ஆசிரியரை ஊர் அந்நியராகவே எண்ணும்.

இடைநிலைப் பாடசாலைகள் நகரங்களிலேயே இருந்தன. தூரக் கிராமத்துப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து, சிறு அறையொன்றைச் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த வறுத்த தானியத்தை உண்டு படித்தனர். தொண்டர் பலர் இத்தகைய மாணவரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டனர். மாணவன் சந்தைக்குப் போவான், தண்ணீர் கொணர்வான். ஆசிரியர் அவனுடைய செலவைப் பார்த்துக்கொள்வார். இரவிலே விளக்கொளியில் அவன் ஆங்கிலம் கேட்பான். அவர் அம்ஹாரிக் கேட்பார். பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தமையால், அம்ஹாரிக், ஒரோமோ, திகிரிஞ்ஞா பேசும் பிள்ளைகளுக்கு வரலாறும் விஞ்ஞானமும் இரட்டைச் சுமையாயின. அந்தச் சுமையின் பாரம் அன்றாடம் அம்ஹாரிக்குடன் மல்லாடிய ஆசிரியருக்கு விளங்கும். விளங்காதவர் உரக்கப் பேசினாற் போதுமென்று நினைப்பார்.

இத்திட்டத்தின் குறை வேறிடத்தில் இருந்தது. இரண்டாண்டு முடிந்ததும் தொண்டர் திரும்பிவிடுவார். ஒன்பதாம் வகுப்பிற் கைப்பிடித்து அழைத்துவந்த மாணவன் பன்னிரண்டாம் வகுப்பு இறுதிப் பரீட்சைக்கு இருக்கும்போது அவர் அருகில் இரார். அவனை வீட்டில் வைத்திருந்தவராயின் பிரிவு இன்னும் கடினம். அடுத்து வருபவர் அவனை ஏற்பாரென்னும் உறுதியும் இல்லை. 1960களின் பிற்பகுதியில் அரசியற் கிளர்ச்சியில் இறங்கிய மாணவர், இத்தொண்டரை வல்லரசின் கருவிகளென்றே கண்டித்தனர். தனி மனிதரின் நல்லெண்ணம் அந்தச் சந்தேகத்தை நீக்கவில்லை. 1974இல் மன்னராட்சி வீழ்ந்தது. 1977இல் சமாதானப் படை வெளியேறியது. 1995இலேயே மீண்டும் வந்தது.

இதற்கிடையில், 1964இல், அடிஸ் அபாபாவிலிருந்த ஹெயிலி செலாசிப் பல்கலைக்கழகம், பட்டம் பெறுமுன் மாணவர் ஓராண்டு நாட்டுப்புறங்களிற் பணிபுரிய வேண்டுமென விதித்தது. பெரும்பாலானோர் ஆசிரியராகவே அனுப்பப்பட்டனர். நகரில் வளர்ந்த எதியோப்பிய இளைஞன், தன் நாட்டிலேயே முன்பின் கண்டிராத ஊரொன்றில், தனக்குத் தெரியாத மொழி பேசும் பிள்ளைகளின் முன்னே சோக்கட்டியுடன் நின்றான்.