குண்டு ஒரு நாள், சோதனை பல நாள்

1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 14, சனிக்கிழமை. மக்களவைத் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்த சமயம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் பாரதிய ஜனதாக் கட்சித் தலைவர் அத்வானி பேசவிருந்த கூட்டத்துக்கு ஜனங்கள் வந்துகொண்டிருந்தனர். பிற்பகல் நான்கு மணியை ஒட்டி, நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. விமானம் தாமதமானதால் தலைவர் தப்பினார். கூட்டம் கேட்க வந்தவர்களும், ஒப்பணக்காரத் தெருவில் துணி எடுக்க வந்தவர்களும் தப்பவில்லை. ரயில் நிலையத்திலும் வெடித்தது. நோயாளிகள் கிடந்த அரசு ஆஸ்பத்திரியையும் குண்டு விட்டுவைக்கவில்லை. மாண்டவர்கள் 58 பேர். காயமுற்றவர்கள் 200-க்கும் மேல்.

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். கஞ்சிக்கோட்டு ஆலைத் தொழிலாளிக்கும், பாலக்காட்டில் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் கோவை வேறு மாநிலத்து நகரம் அல்ல, பக்கத்து ஊர். கல்யாணப் புடவைக்கும் அங்கேதான், பெரிய வைத்தியத்துக்கும் அங்கேதான். காலையில் ரயிலேறி மாலையில் திரும்புவோர் ஏராளம். ஆகவே அன்று கோவையில் வெடித்தது வாளையாற்றுக்கு இப்பாலுள்ள வீடுகளிலும் இடியாக இறங்கியது. போனவர் திரும்பி வருவாரா என்று வாசலில் காத்திருந்த நேரம் அது. கையில் டெலிபோன் இல்லாத காலம் வேறு.

தேடும் பொருள் மாறியது

வாளையாற்றுச் சாவடி என்றதும் லாரிகளின் நீண்ட வரிசைதான் பழைய ஆட்களுக்கு நினைவுக்கு வரும். வரி கட்டாத சரக்கு, கடத்தல் அரிசி, எரிசாராயம் ஆகியவையே அங்கே முக்கியமாகத் தேடப்பட்டவை. குண்டுவெடிப்புக்குப் பிறகு சாதாரணப் பிரயாணியின் மஞ்சள் பையும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிக வரிச் சாவடியின் பழைய வேலை போய்விட்டது. பையைத் திறந்து காட்டும் வழக்கம் போகவில்லை. 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில், கோவை கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே கார் ஒன்று வெடித்து, அதிலிருந்தவர் மாண்டார். பண்டிகைக்கு ஊர் போகக் காத்திருந்தவர்களுக்குப் பழைய அச்சம் மீண்டது.

பெரிய தாக்குதல் ஒவ்வொன்றும் இப்படி ஒரு பழக்கத்தை விட்டுப் போகிறது. 1985 மே மாதம் டில்லியிலும் சில வட மாநிலங்களிலும் டிரான்சிஸ்டருக்குள் மறைத்து வைத்த குண்டுகள் வெடித்தன. யாரோ மறந்து விட்டுப்போனது என்று எடுத்துத் திருகிப் பார்த்தவர்களின் கையிலேயே அவை வெடித்தன. ஆளில்லாத பொருளைத் தொடாதீர்கள் என்று இன்றும் ரயில் நிலையங்களில் ஒலிபெருக்கி சொல்வதன் பின்னே அந்த நாட்களின் ரத்தம் இருக்கிறது.

1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. இரண்டு மாதத்துக்குள், 2000 பிப்ரவரியில், விமான நிலையப் பந்தோபஸ்து மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் கைக்கு மாறத் தொடங்கியது. பாலக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிறவர் கோவையிலும் கொச்சியிலும் பெல்ட்டைக் கழற்றி நிற்பது அதன் தொடர்ச்சி.

2008 நவம்பர் 26-ல் பத்துப் பேர் கடல் வழியே வந்து மும்பையில் 166 பேரைக் கொன்றனர். அடுத்த மாதமே தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் நிறைவேறியது. கடலோர மீனவர்களுக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. ஓட்டல் வாசலிலும் கடை வாசலிலும் உலோகம் கண்டறியும் கருவி நின்றது. 2011-ல் கம்ப்யூட்டர் மையங்களுக்கு விதிகள் வந்தன. பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்க்கப் போன தகப்பனும் அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

அயலூர்க்காரனின் சுமை

இவற்றில் பெரும்பாலானவை தேவையானவையே. அதில் தர்க்கம் இல்லை. ஆனால் சோதனை எல்லோர்மேலும் ஒரே பாரமாக இறங்குவதில்லை. சொந்த ஊரில் இருப்பவனுக்கு அண்டை வீட்டாரே சாட்சி. பிழைக்க வந்த ஊரில் இருப்பவனுக்கு ஒரு துண்டு அட்டைதான் சாட்சி. வாடகை வீட்டுக்காரர் கேட்கிறார், மேஸ்திரி கேட்கிறார், காவலர் கேட்கிறார். வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுக்கிறது.

இதன் கடைசி எல்லை எது என்பதைக் கொழும்புத் தமிழர்கள் அறிவார்கள். யுத்த காலத்தில் அடையாள அட்டையின்றி அங்கே தெருவில் நடக்க முடியாது. 2007 ஜூன் 7 அன்று, விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டி பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டே அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வேலை தேடி வந்தவர்களும் அவர்களில் உண்டு. மறுநாள் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அரசாங்கமே வருத்தம் தெரிவித்தது. குண்டு வைத்தவனைத் தேடப் போன கை, அவன் மொழி பேசிய அத்தனை பேரையும் பிடித்துத் தள்ளியதற்கு அது சாட்சி.

மலை வழியில்

இடுக்கியின் நிலை சற்று வேறு. தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியே ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். தூக்குச் சட்டியும் தலைத்துண்டும்தான் அவர்கள் சுமை. எல்லையில் நேரம் போனால் அன்றைய கூலி கேள்விக்குறி. நகரத்து உத்தியோகஸ்தருக்கு அரைமணித் தாமதம் எரிச்சல். தினக்கூலிக்கு அது அடுப்பு எரியுமா என்ற விஷயம்.

குண்டு வெடிக்காமலே பீதி என்ன செய்யும் என்பதையும் இம்மலை கண்டிருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது எல்லையில் போக்குவரத்து நின்றது. பாதிச் செய்தியும் பாதி வதந்தியுமாகப் பயம் பரவ, நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலையிறங்கித் தேனிப் பக்கம் போனார்கள். தலைமுறைகளாக ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சிய நாட்கள் அவை.

2025 ஏப்ரல் 22-ல் காஷ்மீரத்துப் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 7 அன்று நாடெங்கும் யுத்தகாலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. கேரளத்தின் 14 மாவட்டங்களும் அதில் சேர்ந்தன. எங்கோ வடக்கே நடந்த கொடுமை பாலக்காட்டின், இடுக்கியின் ஒரு பிற்பகலை மாற்றியது.

சட்டத்தின் நிழல்

அன்றாட வாழ்க்கையோடு சட்டமும் மாறுகிறது. 1985-ல் தடா வந்தது, 1995-ல் காலாவதியானது. 2002-ல் பொடா வந்தது, 2004-ல் நீக்கப்பட்டது. அதே 2004-ல் பழைய சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 2008-லும் 2019-லும் மேலும் இறுகியது.

கோவை வழக்கில் 160-க்கும் மேற்பட்டோர் மீது விசாரணை நடந்தது. 2007-ல் தனி நீதிமன்றம் அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குற்றவாளிகள் என்றது. அல்-உம்மா இயக்கத்தின் பாஷா உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 58 குடும்பங்களுக்கு நீதி வேண்டும் என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அதே தீர்ப்பில் கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி விடுதலையானார். 1998 மார்ச்சில் கைதானவர் அதுவரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தார். போன ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

குண்டுவெடிப்புக்கு முந்தைய கதையும் மறக்கத்தக்கதல்ல. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் இனத்தாரைப் பழிவாங்குவது, பழிவாங்கியதற்கு வழியில் போவோரைக் கொல்வது என்று அந்தத் தீ வளர்ந்தது. ஒரு தெருக்காரன் அடுத்த தெருக்காரனின் கடைக்குப் போகத் தயங்கினால், குண்டு வைத்தவன் எண்ணியது நிறைவேறியதாகிறது.

நேற்று இவர்கள், இன்று அவர்கள்

அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருப்பது, வாடகை வீட்டு விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிந்து கொள்வது, ஆளில்லாப் பையைக் கண்டால் தொடாமல் 112-க்குச் சொல்வது, கேள்விப்பட்டதையெல்லாம் செல்போனில் அனுப்பாமல் இருப்பது ஆகியவை ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை. சோதிக்கிற காவலரும், எதிரே நிற்பவர் நேரத்தை விற்றுப் பிழைப்பவர் என்பதை நினைத்தால் பாதி மனக்கசப்பு தீரும்.

இன்று கஞ்சிக்கோட்டிலும் இடுக்கித் தோட்டங்களிலும் வங்காளியும் ஒடியாக்காரரும் அஸ்ஸாமியரும் வேலை செய்கிறார்கள். 2020 செப்டம்பரில் தேசியப் புலனாய்வு முகமை எறணாகுளம் மாவட்டத்தில் வங்காளத்தைச் சேர்ந்த மூவரைக் கைது செய்தபோது, சந்தேகப் பார்வை அந்தத் தொழிலாளர்கள் அனைவர்மேலும் விழுந்தது. எந்த ஊர், யாரைத் தெரியும், அட்டை எங்கே என்று அவர்களிடம் கேட்கப்படுவதெல்லாம் ஒரு காலத்தில் தமிழரிடம் கேட்கப்பட்டவைதான். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் அந்த இளைஞனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்காவது தெரிந்து வைத்துக்கொள்வது அவனுக்கும் நல்லது, கூப்பிடுபவருக்கும் நல்லது.