ஒரே அட்டை, இரண்டு காவி

தேவதானம் நச்சாடை தவிர்த்தலிங்கேஸ்வரர் கோயிலைப் பற்றி ஊர்க்காரத் தம்பி ஒருவர் சிறு நூல் எழுதியிருக்கிறார். முதலில் போட்ட 1,000 பிரதிகள் தீர்ந்து, இப்போது 500 பிரதிகள் மறு அச்சாகி வந்துள்ளன. டீக்கடை பெஞ்சில் இரண்டையும் அருகருகே வைத்தார். முதல் அச்சின் அட்டை நல்ல காவி. இரண்டாவது, செங்கல் நிறத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. "ஃபைல் ஒண்ணுதானே அண்ணாச்சி, நிறம் மட்டும் எப்படி மாறும்?" என்றார்.

புத்தகம் போடுகிறவர்கள் பலரும் இந்தக் கேள்வியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அச்சகத்தோடு சண்டைக்குப் போகும் முன் இதன் உள்விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

"முதல்ல ரெண்டையும் எடுத்துக்கிட்டு வெளிச்சத்துக்கு வாங்க தம்பி" என்றேன். நிறத்தை எந்த விளக்கில் பார்க்கிறோம் என்பது முக்கியம். இரண்டு மைக்கலவைகள் ஒரு விளக்கில் ஒன்றுபோலவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரியலாம். அதனால்தான் அச்சுத் தொழிலில் 5,000 கெல்வின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 3664 தரம் விதித்திருக்கிறது. அந்த விளக்கு இல்லாதவர்கள், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். அடுத்து, பழைய பிரதியே வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலமாரியில் வெளிச்சம் பட்டு நிற்கிற புத்தகத்தில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் மங்கும். முதுகுப் பக்கத்தையும் முன்னட்டையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இந்த இரண்டு சோதனைக்குப் பிறகும் வேறுபாடு நின்றால், காரணம் அச்சில் இருக்கிறது.

இனி ஃபைலுக்கு வருவோம். ஃபைலில் இருப்பது நிறம் அல்ல, உத்தரவு. இந்த இடத்தில் சியான் இத்தனை சதவீதம், மெஜந்தா இத்தனை, மஞ்சள் இத்தனை, கறுப்பு இத்தனை என்று அது சொல்கிறது. அந்தச் சதவீதங்கள் பிளேட்டில் நுண்புள்ளிகளாக விழுகின்றன, ஓர் அங்குலத்துக்கு 150 அல்லது 175 வரிசை என்ற கணக்கில். பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கும் அங்கிருந்து தாளுக்கும் போகும்போது ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் விரியும். 50 சதவீதப் புள்ளி தாளில் 65 சதவீதம்போலத் தெரிவது சாதாரணம். எவ்வளவு விரியும் என்பதைப் பிளாங்கெட்டின் இறுக்கம், மையின் இளக்கம், தாளின் உறிஞ்சும் குணம் மூன்றும் தீர்மானிக்கின்றன. மூன்றுமே ஃபைலுக்கு வெளியே இருப்பவை.

இதோடு தண்ணீரும் உண்டு. 1796-இல் ஜெர்மனியில் செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்தபோது பயன்படுத்திய விதியே, எண்ணெய்ப்பசையும் தண்ணீரும் ஒட்டாது என்பதே, இன்றைய ஆஃப்செட்டுக்கும் அடிப்படை. தண்ணீர் கூடினால் நிறம் வெளிறும். குறைந்தால் வெற்றிடத்திலும் மை ஏறும். தண்ணீரின் கடினத்தன்மை மாறினாலும் இந்தச் சமநிலை குலையும். தாளில் விழும் மைப்படலத்தின் கனம் ஒரு மைக்ரான் அளவுதான். அதில் சிறு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

காவி போன்ற நிறத்தில் சிக்கல் இன்னும் கூடும். மெஜந்தாவும் மஞ்சளும் பெருமளவில், சியான் கொஞ்சம் என்று மூன்றும் கூடித்தான் காவி வருகிறது. மெஜந்தா லேசாக ஏறினால் செங்கல், மஞ்சள் ஏறினால் மஞ்சள் காவி, சியான் ஏறினால் மண்பழுப்பு. பழுப்பு, சாம்பல், காவி ஆகிய மூன்றும் எந்த மிஷின்மேனுக்கும் சோதனைதான்.

தம்பிக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. சிறு எண்ணிக்கையில் அச்சாகும் அட்டை பெரும்பாலும் தனியாக ஓடாது. ஒரே பெரிய தாளில் வேறு நான்கு அட்டைகளோடு சேர்ந்து ஓடும். மை விடும் சாவிகள் தாளின் குறுக்கே வரிசையாக இருக்கின்றன. ஒரு சாவியைத் திறந்தால் அதன் நேர்க்கோட்டில் மேலும் கீழும் இருக்கிற எல்லா அட்டைக்கும் அந்த மை கூடும். பக்கத்து அட்டையில் அடர்சிவப்பு கேட்டு மெஜந்தாவைக் கூட்டியிருந்தால், நம் காவியும் சேர்ந்தே சிவந்திருக்கும்.

பிறகு போர்டு. ஒரே 300 ஜிஎஸ்எம் என்றாலும் ஒரு மில் போர்டு நீலவெள்ளையாகவும் இன்னொன்று பால்வெள்ளையாகவும் இருக்கும். கிளாஸ் லேமினேஷன் நிறத்தை ஆழமாக்கிக் காட்டும்; மேட் லேமினேஷன் ஒளியைச் சிதறடித்து அடர்நிறத்தை மங்கலாக்கும். ஈரமாக இருக்கும் மை, காய்ந்ததும் சற்று இறங்கும். 500 பிரதி என்பதால் இரண்டாவது முறை ஆஃப்செட்டே இல்லாமல் டிஜிட்டல் மிஷினில் ஓட்டியிருந்தால் மைக்குப் பதில் டோனர் விழுந்திருக்கும். நிறம் அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே ஷேடு என்று வந்தாலும் இரண்டு சாய லாட் துணியை ஒரே உருப்படியில் கலந்து வெட்டமாட்டார்கள். புத்தக அட்டைக்கும் ஒவ்வொரு ஓட்டமும் ஒரு லாட்.

"அப்போ ஒரே மாதிரி வரவே வராதா அண்ணாச்சி?" வரும். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டு, அதைச் சுற்றி அச்சுத் தொழில் வளர்ந்தது. எழுத்து வாசிக்காதவரும் படத்தையும் நிறத்தையும் பார்த்து வாங்கும் சரக்கு அது. லேபிள் நிறம் மாறினால் சரக்கே வேறு என்று நினைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரின் தொழிலாளிகளுக்கு நிறம் சேர்க்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. எதோடு சேர்க்க வேண்டும் என்பதை நாம்தான் அவர்கள் கையில் கொடுப்பதில்லை. ஃபைலை அனுப்பிவிட்டு, "போன தடவை மாதிரியே" என்று போனில் சொன்னால், அவர் எதைப் பார்த்து மை விடுவார்?

ஆகவே மறு அச்சின் வேலை முதல் அச்சின் நாளிலேயே தொடங்க வேண்டும். மிஷினில் நிறம் சரியாக வந்ததும் எடுக்கும் ஓகே ஷீட்டில் கையெழுத்திட்டு, தேதி போட்டு, இரண்டு முழுத்தாள் கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் இருக்கும் கலர் பாரை வெட்டிவிடக் கூடாது. மையின் அடர்த்தியை டென்சிட்டோமீட்டரில் அளப்பது அதில்தான். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கின் அளவையும் தாளின் பின்புறம் குறிக்கச் சொல்லுங்கள். போர்டின் பெயர், மையின் பெயர், லேமினேஷன் வகை, எந்த மிஷின் என்பதையும் எழுதுங்கள். லேமினேட் செய்த அட்டை ஒன்றையும் சேர்த்து, வெளிச்சம் படாத உறையில் வையுங்கள். மறு அச்சுக்கு ஃபைலோடு இந்த உறையும் போக வேண்டும்.

எவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம் என்பதையும் முன்கூட்டியே பேசலாம். நிற வித்தியாசத்தை டெல்டா ஈ என்ற எண்ணால் அளப்பார்கள். 1 என்பது பழகிய கண் மட்டுமே கவனிக்கும் அளவு. ஐஎஸ்ஓ 12647-2 தரம் ஆஃப்செட்டின் முழுநிற மைகளுக்கு 5 வரை இடம் தருகிறது. ஆகவே இம்மியும் பிசகாத ஒற்றுமையைக் கேட்பது நியாயமில்லை. ஒப்புக்கொண்ட அளவுக்குள் நிற்கச் சொல்வது முழு நியாயம்.

அட்டை முழுக்க ஒரே நிறம் என்றால், நான்கு மையைக் கலப்பதைவிட அந்தக் காவியையே தனி மையாகக் கலந்து ஐந்தாவது நிறமாக ஓட்டலாம். 1963-இல் வந்த பான்டோன் முறை இதற்கான எண்களைத் தருகிறது. தனி மையில் அடர்த்தி கூடக்குறைய வரலாம். சாயல் செங்கலுக்குத் தாவாது. செலவு கட்டாதென்றால், கருமை கூட்டும் வேலையைச் சியானிடமிருந்து எடுத்துக் கறுப்பிடம் கொடுக்கும்படி டிசைனரிடம் சொல்லுங்கள். தடுமாறக்கூடிய மைகளில் ஒன்று குறையும்.

சிறு பதிப்பாளருக்கு இன்னும் எளிய வழி உண்டு. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடுதலாக 500 அட்டை எடுப்பதற்கு போர்டும் லேமினேஷனும்தான் பெருஞ்செலவு. பிளேட்டுக்கும் மிஷினைத் தயார்செய்யும் நேரத்துக்கும் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. மறு அச்சில் உள்பக்கங்களை மட்டும் ஓட்டி, அந்த அட்டையைப் போட்டு பைண்டிங் செய்துகொள்ளலாம். விலை மாறும், பக்கம் கூடினால் முதுகின் அகலமும் மாறும். இரண்டையும் முன்கூட்டியே யோசித்து, விலையை உள்ளே அச்சிடுவது நல்லது.

காலத்தையும் கவனியுங்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியானபின் ஆண்டு முடியும் வரை சிவகாசியில் மிஷின்களுக்கு ஓய்வில்லை. ஐப்பசி மழையில் தாள் ஈரம் வாங்கும், மை காயத் தாமதமாகும். நிறத்தை நின்று பார்க்க வேண்டிய வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொண்டால் மிஷின்மேனும் நம் அட்டைக்கு நேரம் ஒதுக்குவார்.

"சரி, இந்த ஐந்நூறை என்ன செய்ய?" என்றார் தம்பி. கழிக்க வேண்டாம். எழுத்து தெளிவாக இருக்கிறது, கட்டு உறுதியாக இருக்கிறது, விவரத்தில் பிழையில்லை. கோயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு இரண்டு காவியில் எதுவானாலும் ஒன்றுதான். பழைய பிரதி மிச்சமிருக்கும் கடைக்கு இதை அனுப்பாமல் வேறு ஊருக்கு அனுப்பலாம். மூன்றாம் அச்சுக்கு எந்தக் காவி என்று இப்போதே முடிவு செய்து, அந்தப் பிரதியில் தேதியும் கையெழுத்தும் போட்டு எடுத்துவைத்தால், அடுத்த முறை அச்சகத்தில் பேசுவதற்கு நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கும்.