பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

சாலையும் நாமும் – 14

கல் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்தவர்கள் லாரிக்காரர்களைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த லாரியை ஒட்டியே ஒரு பைக் போகிறதே, அதையும் பார்க்க வேண்டும். ஓட்டுவது அப்பா, பின்னால் அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, பெட்ரோல் டேங்க் மேல் இன்னொரு பிள்ளை. இந்த வாரம் அந்தப் பிள்ளைகளைப் பற்றி.

நம் மாவட்டத்துக் குடும்பங்கள் எப்படிப் பயணம் செய்கின்றன என்று தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சிதறால் மலையடிவாரத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். திருச்சாரணத்து மலைமேல் இருக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணக் கோயிலைப் பார்க்க மார்த்தாண்டம், குழித்துறை, அருமனை, மேல்புறம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். பலருக்கும் பைக்தான் வாகனம். அப்பாவின் தலையில் ஹெல்மெட் இருக்கும், மார்த்தாண்டத்தில் போலீஸ் நிற்பார்கள் என்பதால். அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். வலது கை கணவரின் தோளில், இடது கை மடியிலிருக்கும் பிள்ளையின் இடுப்பில். பிள்ளைகளின் தலையில் ஒன்றும் இருக்காது. வெயில் அடித்தால் ஒரு துணித் தொப்பி.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறியும் இறங்கியும் வளைந்தும் வரும் ரோடு அது. மழை பெய்த பிறகு உதிர்ந்த இலையெல்லாம் தாரோடு ஒட்டிக் கிடக்கும். அங்கே ஓர் இளம் தகப்பனாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லையா என்று கேட்டேன். "கொஞ்ச தூரம்தானே அண்ணா, பைய தான் வந்தேன்" என்றார். அவர் மனைவி, "பிள்ளைய நான் கெட்டியா பிடிச்சிருக்கேன்" என்றார். இருவரும் மனதாரச் சொன்னதுதான். இந்த ஊர்ப் பெற்றோரில் பாதிப் பேர் இதையே சொல்வார்கள். அதனால்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பைய என்றால் எவ்வளவு? மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. பிள்ளையின் எடை 10 கிலோ. குறுக்கே நாய் வந்தோ, முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றோ வண்டி முட்டி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுபோனால், அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த 110 கிலோவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். எந்தத் தாயின் ஒற்றைக் கையும் அதைத் தாங்காது. அன்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எலும்பும் தசையும் அவ்வளவுதான். அதே வேகத்தில் தூக்கியெறியப்பட்டுத் தரையில் மோதுவது ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இரண்டாவது மாடி மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை உட்காரவைத்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னால் எந்த அம்மாவாவது சம்மதிப்பாரா?

டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளையின் நிலை இதைவிட மோசம். பிள்ளை கண்முன்னால் இருக்கிறது, பத்திரம் என்று அப்பா நினைக்கிறார். வண்டி எதிலாவது முட்டினால் அப்பாவின் அறுபது எழுபது கிலோ உடம்பு முன்னால் பாயும். அதற்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருப்பது பிள்ளையின் நெஞ்சும் முகமும். ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைக்கும் பிள்ளைக்கும் இதே கதிதான். போதாததற்கு ஆக்சிலரேட்டர் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விளையாட்டாய் ஒரு முறுக்கு முறுக்கினால் போதும்.

நடுவில் உட்காரும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். அதன் கால் ஃபுட்ரெஸ்டுக்கு எட்டாது. தொங்கும் கால் சக்கரத்துக் கம்பிக்குள் சிக்கி, குதிகால் சதையோடு கிழிந்து வரும் பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு, பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால்வைக்க ஃபுட்ரெஸ்ட், இவை மூன்றும் எல்லா பைக்கிலும் இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. அந்தத் தடுப்பைத்தான் நாம் சாரி கார்டு என்கிறோம். பையன்கள் அழகு கெடுகிறது என்று முதலில் கழற்றிப்போடுவதும் அதைத்தான். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகாவது அதைத் திரும்ப மாட்டுங்கள்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி பைக்கில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால் பொருத்திய இருக்கையில்தான் உட்கார வேண்டும். ஆகவே டேங்க் மேல் பிள்ளையை வைப்பதும் குற்றம், மூன்றாவது ஆளாக ஏற்றுவதும் குற்றம். 129ஆம் பிரிவின்படி நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் கட்டாயம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி விதி 2022 பிப்ரவரி 15 அன்று அறிவிக்கப்பட்டது. ஒரு வருடம் அவகாசம் கொடுத்து 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான பிள்ளையைப் பைக்கில் கொண்டுபோனால், பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் சேஃப்டி பெல்ட் வேண்டும், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. அந்த பெல்ட் பிள்ளைக்குப் போடும் ஒரு சட்டை மாதிரியானது. அதிலிருந்து வரும் பட்டைகளை ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்வார். 30 கிலோ வரை தாங்க வேண்டும், தண்ணீர் பட்டால் கெடக் கூடாது. இந்த வயதுப் பிள்ளைக்கு, விதி சொல்லும் தரத்தில் இருந்தால் சைக்கிள் ஹெல்மெட்டும் போதும்.

விதி வந்து வருடங்கள் ஆகியும் சிதறால் பக்கத்தில் அப்படியொரு பெல்ட்டோடு ஒரு பிள்ளை போய் நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு விதி இருப்பதே நான் பேசிய பெற்றோர்களில் பலருக்குத் தெரியாது.

பெல்ட்டைப் பற்றி எழும் ஒரு சந்தேகம் நியாயமானது. ஓட்டுபவர் விழுந்தால் கட்டியிருக்கும் பிள்ளையும் கூடவே விழாதா? விழும். காரில் இருக்கும் சீட் பெல்ட்டைப் போன்ற காவல் இது தராது. தூங்கிச் சரியும் பிள்ளை, வேகத்தடையில் தூக்கிப்போடும்போது நழுவும் பிள்ளை, திடீர் பிரேக்கில் பக்கவாட்டில் சாயும் பிள்ளை, இவர்களைக் கீழே விழாமல் காக்கத்தான் அது. நம் கிராமத்து ரோடுகளில் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தக் காவலே பெரிது. மோதலிலிருந்து தலையைக் காப்பது ஹெல்மெட்தான். ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் ஏறத்தாழ 70 சதவீதமும் மரணம் ஏறத்தாழ 40 சதவீதமும் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு. இந்தியாவில் 2022இல் மட்டும் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

பிள்ளையின் பிஞ்சுக் கழுத்து ஹெல்மெட் பாரத்தைத் தாங்குமா என்று பாட்டிமார் கேட்கிறார்கள். வியட்நாமிலும் இதையே கேட்டார்கள். அந்த நாடு 2007 டிசம்பர் 15 அன்று எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஒரே நாளில் ஊரே ஹெல்மெட் போட்டது. பிள்ளைகள் மட்டும் வெறுந்தலையோடு போனார்கள். பிள்ளைகளுக்காக அபராதம் போட அப்போது வழியில்லை, கழுத்து முறிந்துவிடும் என்ற பயமும் பரவியிருந்தது. 2010இல் ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லையென்றால் ஓட்டுபவருக்கு அபராதம் என்று கொண்டுவந்தார்கள். பிள்ளைக்கென்றே செய்த எடை குறைந்த ஹெல்மெட், அளவு சரியாக இருந்தால், கழுத்தைக் கெடுப்பதில்லை. பெரியவர்களின் ஹெல்மெட்டைப் பிள்ளைக்குக் கவிழ்ப்பதுதான் ஆபத்து. அது கண்ணை மறைக்கும், அடிபடும் நேரத்தில் கழன்றும் போகும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். நாடிக்குக் கீழே பட்டையை மாட்டியிருக்க வேண்டும்.

கழுத்து நிற்காத கைக்குழந்தையின் விஷயம் வேறு. பிறந்த குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலைதான். அதற்கு ஹெல்மெட் போடவும் முடியாது, பெல்ட் கட்டவும் முடியாது. ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தையைப் பைக்கில் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப்பிள்ளையைப் பைக்கில் கொண்டுபோகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2011 ஜூனில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் சேயையும் வாகனத்தில் வீட்டில் கொண்டுவிடுவது இலவசம். நம் மாநிலத்தில் 102 என்ற எண். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் பார்ப்போம், நம் ஊரிலிருந்து அது தூரமில்லை. கேரளத்தில் 2023 ஜூனில் 726 கேமராக்களை வைத்துச் சாலை விதிமீறலைப் பிடிக்கத் தொடங்கியபோது, அப்பா அம்மாவோடு போகும் பிள்ளைக்கும் அபராதமா என்று பெரிய எதிர்ப்பு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையை மூன்றாவது ஆளாக அனுமதிக்கக் கேரள அரசு மத்திய அரசைக் கேட்டது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி முடியாது என்றார். 2024 அக்டோபரில் அங்கே போக்குவரத்து ஆணையர் காரில் பிள்ளைகளுக்கான இருக்கையையும் பைக்கில் ஹெல்மெட்டையும் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தார். அமைச்சர் கணேஷ்குமார் இப்போதைக்கு அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்றார். ஓட்டுக்குப் பயந்து பின்வாங்கினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கார் வாங்க முடியாத ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரு கல்யாணத்துக்கு எப்படிப் போவார்கள் என்ற கேள்விக்கு இரண்டு பக்கத்து அரசுகளிடமும் முழுப் பதில் இல்லை என்பதே உண்மை.

தமிழ்நாட்டில் பாதிப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 முதல் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. அம்மாவும் பிள்ளையும் பஸ்ஸில் வர, அப்பா தனியே பைக்கில் வந்து சேரலாம், செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது. மீதிப் பதில் பஸ்தான். மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, ஆற்றூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குமேல் பஸ் ஓடினால் கல்யாண வீட்டிலிருந்து எந்த அம்மாவும் பிள்ளையை நடுவில் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டு திரும்ப மாட்டார்.

2012இல் தாம்பரத்தில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகள் வந்தன, ஒவ்வொரு மே மாதமும் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். பைக்கில் போகும் பிள்ளைக்கு அப்படிச் சோதிக்க யாரும் வரப்போவதில்லை. ஜூனில் பள்ளியும் அங்கன்வாடியும் திறக்கும், கூடவே தென்மேற்கு மழையும் வரும். பை, குடை, ரெயின்கோட் வாங்க மார்த்தாண்டம் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய் அதன் தலை அளவுக்கு ஒரு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வாங்குங்கள். நான்கு வயதுக்குக் கீழென்றால் பெல்ட்டும் கேளுங்கள். கடையில் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். நான்கு பேர் கேட்டால் கடைக்காரர் வரவழைப்பார்.

(தொடரும்)