கண்ணாடிக்குள் ஒரு கடல்

கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீன்கள் நீந்தும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். நீரோ பளிங்கெனத் தெளிந்திருக்கும். ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. கண்ணுக்குப் புலனாகாமல் நாள்தோறும் அந்நீரில் பெருகிவரும் நைட்ரேட்டைப் பற்றியும், அதனைக் கட்டுப்படுத்தும் எளிய முறையொன்றைப் பற்றியும் ஈண்டுக் காண்போம்.

மீனுக்கு நாம் இடும் உணவில் புரதம் உண்டு. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. மீன் அதனைச் செரித்து, அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. இது கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகையின அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றம் நுண்ணுயிர்களின் செயலே என்பதை 1890 அளவில் தெளிவுறுத்தியவர் ருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி ஆவார். நைட்ரேட்டின் நச்சுத்தன்மை குறைவே. ஆனால், சிறு தொட்டியில் அது எளிதில் அகல்வதில்லை. பவளத்திட்டுக் கடல்நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக உள்ள நைட்ரேட், தொட்டியில் ஐம்பதையும் கடந்துவிடுவதுண்டு. அதனால் வேண்டாத பாசி படர்கிறது; பவள உயிர்கள் நலிகின்றன.

நீரை மாற்றினால் போதாதா என வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். வாரந்தோறும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேர்வதாகவும், வாரம் ஒருமுறை ஐந்திலொரு பங்கு நீரை மாற்றுவதாகவும் கொள்வோம். அளவு 50 வரை ஏறும். மாற்றியதும் 40 ஆகும். அடுத்த வாரமே மீண்டும் 50ஐ எட்டும். எத்தனை ஆண்டுகள் மாற்றினும் இந்நிலையே நீடிக்கும். எனவே வரவைக் குறைக்க வேண்டும். அன்றேல் செலவைப் பெருக்க வேண்டும்.

செலவைப் பெருக்கும் வழிகளுள் ஒன்றே 'ரெஃப்யூஜியம்' எனப்படும் புகலிடத் தொட்டி. பெருந்தொட்டியின் கீழோ அருகிலோ சிறு தொட்டியொன்றை அமைத்து, பம்பின் துணையால் இரண்டிற்குமிடையே நீர் மெல்லச் சுழலச் செய்வர். மீன்கள் புகாத அச்சிறு தொட்டியில், சிக்குண்ட பச்சை நூற்கற்றை போன்ற கீட்டோமார்ஃபா என்னும் பாசியை வளர்ப்பர். வளரும் பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உணவாக உறிஞ்சுகிறது. பெருந்தொட்டியின் விளக்கை அணைத்தபின் இதன் விளக்கை எரியவிடுவது நலம். இரவில் கரியமில வாயு மிகுந்து நீரின் காரத்தன்மை தாழ்வதை அது தணிக்கும். வாரந்தோறும் சேரும் பத்தில் ஐந்தைப் பாசி உட்கொள்ளுமாயின், முன்சொன்ன 50 என்பது நாளடைவில் 25 ஆகிவிடும்.

ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. உறிஞ்சப்பட்ட நைட்ரஜன் அழிந்துவிடவில்லை. பாசியின் உடலில்தான் இருக்கிறது. மிகுந்து வளர்ந்ததை அவ்வப்போது பறித்து அகற்றினாலன்றிப் பயன் முழுமையுறாது. பறிக்காது விட்டால், ஒளி எட்டாத உட்பகுதி அழுகி, உண்டதை நீருக்கே திருப்பித் தந்துவிடும். பறித்ததைக் கடலிலோ கழிமுகத்திலோ எறிதலும் ஆகாது. நன்கு உலர்த்திக் குப்பையில் சேர்க்க வேண்டும். 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடிவாரக் கடலில், காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்னும் தொட்டிப் பாசி சிறு திட்டாகக் காணப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலின் பல கரைகளிலும் பரவி, ஆங்குள்ள கடற்புல் வெளிகளை நெருக்கியது. ஒரு தொட்டிக்கு மருந்தாவது ஒரு கடலுக்கு நோயாகலாம் என்பதற்கு இதுவே சான்று.

சிறிய புகலிடத் தொட்டி அளவிறந்த உணவையும் அளவிறந்த மீன்களையும் ஈடுசெய்துவிடாது. மீன்கள் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிட வேண்டும். வாரம் ஒருமுறை நைட்ரேட்டை அளந்து குறித்து வைக்க வேண்டும். நீர் மாற்றுதலையும் கைவிடலாகாது.

கடலில் நீர் கெட்டால் மீன் வேறிடம் நீந்திச் செல்லும். கண்ணாடிக்குள் அதற்குப் போக்கிடமில்லை. ஆகவே, அடைத்த நாள்முதல் அவ்வுயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். வல்ல இறைவன் தன் படைப்பில் வைத்த 'மீஸான்' எனும் சமநிலையைக் கடல் தானே பேணிக்கொள்கிறது. தொட்டியிலோ அதனைப் பேணும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது. அழகை நுகர விழைவோர் அப்பொறுப்பையும் ஏற்பாராக!